ஒரு முகமும் ஒரு கதையும்

மான்ட்கோமரி கிளிஃப்டைப் பற்றிப் பேச்சு எடுத்தால் பத்து நிமிஷத்துக்குள் ஒரு டெலிபோன் கம்பம் வந்து சேர்ந்துவிடும். 1956ஆம் வருஷம் மே மாதம் 12ஆம் தேதி இரவு, எலிஸபெத் டெய்லர் வீட்டில் விருந்து முடிந்து, மலைச்சரிவுப் பாதையில் காரை ஓட்டிக்கொண்டு இறங்கியவர் அந்தக் கம்பத்தில் மோதினார். முன்னால் வேறொரு காரில் போய்க்கொண்டிருந்த நண்பர் கெவின் மக்கார்த்தி திரும்பி வந்து பார்த்தார். டெய்லர் ஓடி வந்து நசுங்கிக் கிடந்த காருக்குள் தவழ்ந்து நுழைந்து, மூச்சு முட்டிக்கொண்டிருந்தவருடைய தொண்டையிலிருந்து உடைந்த பல்லை விரலால் எடுத்தார் என்று சொல்வார்கள். உயிர் பிழைத்தது, முகம் பிழைக்கவில்லை. பிறகு குடி, மாத்திரை, பத்து வருஷத் தேய்வு. 1966 ஜூலை 23ஆம் தேதி நியூயார்க் வீட்டில் மாரடைப்பு. வயது 45. ஹாலிவுட் சரித்திரத்திலேயே மிக நீளமான தற்கொலை இதுதான் என்று நடிப்பு ஆசிரியர் ராபர்ட் லூயிஸ் சொன்னதாக ஒரு வாசகம் உண்டு. அதைச் சொல்லாமல் யாரும் கிளிஃப்டைப் பற்றிக் கட்டுரையை முடிப்பதில்லை.

கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இந்த வரலாற்றின் மீது சந்தேகம் வருவது அது நன்றாக அமைந்திருப்பதனால்தான். அழகன் ஒருவன், ஓர் இரவு, ஒரு கம்பம். முன்பாதி வெளிச்சம், பின்பாதி இருட்டு. தொடர்கதை எழுதுகிறவன் கையில் இது கிடைத்தால் விடவே மாட்டான். கணக்குக்கூட ஒத்துழைக்கிறது பாருங்கள். கிளிஃப்ட் நடித்த படங்கள் மொத்தம் 17. விபத்துக்கு முன்னால் எட்டு, பின்னால் எட்டு. நடுவிலே ஒன்று, 'ரெயின்ட்ரீ கவுண்ட்டி', பாதி பழைய முகத்தோடும் பாதி புதிய முகத்தோடும். இவ்வளவு கச்சிதமான கட்டுக்கோப்பை ஒரு நாவலில் படித்தால், ஆசிரியர் வலிந்து செய்திருக்கிறார் என்று நாமே குறை சொல்லுவோம்.

இந்தக் கச்சிதத்துக்கு ஒரு விலை இருக்கிறது. பின்னால் வந்த எட்டுப் படங்களையும் ஜனங்கள் நடிப்பாகப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். வைத்தியக் குறிப்பு படிப்பது போலப் பார்க்கிறார்கள். கை நடுங்கினால், "பாவம், குடி", வசனம் தடுமாறினால், "பாவம், மறதி." ஒரு கலைஞனுக்கு இதைவிடப் பெரிய அவமரியாதை இருக்க முடியுமா என்று தெரியவில்லை. அவர் செய்ததையெல்லாம் அவருக்கு நேர்ந்ததாக மாற்றிவிடுகிறோம்.

அவருடைய பூர்வோத்தரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1920 அக்டோபர் 17ஆம் தேதி நெப்ராஸ்கா மாகாணத்து ஒமாஹாவில் பிறந்தவர். கூடவே பிறந்த இரட்டைச் சகோதரி ஒருவர், ஓர் அண்ணன். தகப்பனார் பாங்கியில் பெரிய உத்தியோகஸ்தர். தாயாருக்குத் தாம் உயர்ந்த வம்சத்தில் வந்தவர் என்ற நம்பிக்கை பலமாக இருந்ததால், குழந்தைகளை அக்கம்பக்கத்தாரோடு பழக விடாமல் வீட்டில் வாத்தியார் வைத்து, ஐரோப்பாவுக்கு அழைத்துப் போய், பிரபுக்களைப் போல வளர்த்தார். 1929இல் பங்கு மார்க்கெட் விழுந்தபோது இந்த வாழ்வும் சரிந்தது. பையன் பதினான்கு வயதில் பிராட்வே மேடை ஏறிவிட்டான். பத்து வருஷத்துக்கு மேல் நாடகம். ஆல்பிரட் லண்ட், லின் ஃபொன்டான் தம்பதிகளோடு ஒரே மேடையில் நின்று தொழிலைக் கற்றுக்கொண்டார். சினிமாவுக்கு வந்தபோது வயது 25. அழகைப் பார்த்து யாரோ தெருவிலிருந்து பிடித்துக்கொண்டு வந்த பையன் அல்ல. கைதேர்ந்த நாடக நடிகர். இந்த விஷயம் பின்னால் நமக்கு வேண்டியிருக்கும்.

அந்தக் காலத்து ஹாலிவுட்டில் ஒரு நடிகன் உருவாக வேண்டுமென்றால் பெரிய கம்பெனியோடு ஏழு வருஷ ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். எந்தப் படம், எந்த வேஷம், எந்த நடிகையோடு கைகோத்துக்கொண்டு விருந்துக்குப் போக வேண்டும் என்பது வரை கம்பெனி தீர்மானிக்கும். வேஷம் பிடிக்கவில்லை என்று மறுத்தால் சம்பளமில்லாமல் நிறுத்தி வைத்து, நின்ற நாட்களை ஒப்பந்தத்தின் கடைசியில் சேர்த்துவிடுவார்கள். இந்த அக்கிரமத்தை எதிர்த்து வார்னர் கம்பெனியின் மீது வழக்குப் போட்டு 1944இல் ஜெயித்தவர் ஒலிவியா டி ஹாவிலண்ட் என்ற நடிகை. கிளிஃப்ட் கோர்ட்டுக்குப் போகவில்லை. ஆரம்பத்திலேயே கையெழுத்துப் போட மறுத்தார். நியூயார்க்கிலேயே குடியிருந்துகொண்டு, கதையைப் படித்துப் பிடித்தால் மட்டும் ரயிலேறி வருகிற நட்சத்திரம்! 'ஸன்செட் புலவார்ட்' படத்தை ஒப்புக்கொண்டுவிட்டுப் பிறகு மறுத்தார். அதனால் வில்லியம் ஹோல்டனுக்கு வாழ்வு வந்தது. இளம் பெண்களின் கனவு நாயகன் என்று பத்திரிகைகள் அட்டையில் போட்டுக்கொண்டிருந்த நாளில், அந்தப் பதவியை விட்டு எப்படி இறங்குவது என்பதிலேயே அவர் கவனமாக இருந்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

'ரெட் ரிவர்' 1946இல் எடுக்கப்பட்டு 1948இல் வெளிவந்தது. ஜான் வெயின் என்ற மலைக்கு எதிரே ஒல்லியான இந்தப் பையனை நிறுத்தினார் டைரக்டர் ஹாவர்ட் ஹாக்ஸ். மலை சத்தம் போடுகிறது, பையன் கேட்டுக்கொண்டிருக்கிறான். பார்க்கிறவர்கள் கண் பையன் மேலேயே இருக்கிறது. அதே வருஷம் வந்த 'தி ஸர்ச்' படத்தில் யுத்தத்தில் இடிந்துபோன ஜெர்மனியில் அநாதைச் சிறுவன் ஒருவனுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் அமெரிக்கச் சிப்பாய். இவ்வளவு நன்றாக நடிக்கத் தெரிந்த சிப்பாயை எங்கே பிடித்தீர்கள் என்று டைரக்டர் பிரெட் ஜின்னமனை யாரோ கேட்டார்களாம். ஆஸ்கார் பரிசுக்கு முதல் முறையாகப் பெயர் சிபாரிசானது அந்தப் படத்துக்குத்தான். வசனங்களில் பெரும்பகுதியைத் தாமே திருத்தி எழுதிக்கொண்டார் என்பதும் அந்தப் படத்திலிருந்தே தொடங்குகிற சேதி.

ஆனால் அவருடைய அழகை எவ்வளவு புத்திசாலித்தனமாகக் கையாண்டார் என்று தெரிந்துகொள்ள 1949இல் வில்லியம் வைலர் எடுத்த 'தி ஏரஸ்' படத்தைப் பார்க்க வேண்டும். ஹென்றி ஜேம்ஸின் 'வாஷிங்டன் ஸ்கொயர்' நாவல்தான் மூலம். பணக்கார டாக்டரின் ஒரே பெண் காதரின். அழகில்லை, சாமர்த்தியமில்லை, பேச வராது. மாரிஸ் என்ற அழகான, காசில்லாத வாலிபன் அவளைக் காதலிப்பதாகச் சொல்லிக்கொண்டு வருகிறான். சொத்துக்காகத்தான் வருகிறான் என்கிறார் தகப்பனார். ஜேம்ஸின் நாவலைப் படிக்கிறவனுக்கு மாரிஸ் யாரென்று சீக்கிரமே தெரிந்துவிடும். படத்தில் அப்படி இல்லை. கிளிஃப்ட் அந்தப் பாத்திரத்தை இரண்டு பக்கமும் சாயாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார். காதரினைப் பார்க்கிற பார்வையிலும், அந்த வீட்டு நாற்காலி மேஜைகளைப் பார்க்கிற பார்வையிலும் ஒரே ரசனை. பொய் சொல்லுகிறான் என்று சொல்ல முடியவில்லை. நல்ல பொருள்களோடு வாழ ஆசைப்படுகிறவன், அந்தப் பொருள்களில் ஒன்றாக அவளையும் நேசிக்கிறானோ என்னவோ!

அழகான முகத்தை நம்பலாமா என்ற கேள்விதான் அந்தப் படம். மற்ற நடிகர்களாக இருந்தால் ஒரு இடத்திலாவது, அவள் திரும்பிக்கொண்ட சமயம் பார்த்து, உதட்டைச் சுழித்து நமக்கு ரகசியத்தைச் சொல்லியிருப்பார்கள். சபையோருக்கு ஜாடை காட்டுவது நாடகமேடையில் பழைய வித்தை, கிளிஃப்டுக்குத் தெரியாததல்ல. ஒரு முறைகூடச் செய்யவில்லை. அதனால்தான் கடைசியில், வருஷங்கள் கழித்து மீசையோடு திரும்பி வந்தவன் தாழிட்ட கதவைத் தட்டித் தட்டிக் கூப்பிட, அவள் விளக்கை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறுகிறபோது, அவள் ஜெயித்தாளா தோற்றாளா என்று நம்மால் தீர்மானிக்க முடிவதில்லை. காதரினாக நடித்த டி ஹாவிலண்ட் ஆஸ்கார் பரிசு பெற்றார். நியாயமான பரிசு. ஆனால் அந்தப் பரிசில் பாதி, முகத்தை மூடியே வைத்திருந்த எதிர் நடிகருக்குச் சேரும் என்பது என் அபிப்பிராயம்.

'எ பிளேஸ் இன் தி ஸன்' 1951இல் வந்தது. டிரெய்ஸரின் 'ஆன் அமெரிக்கன் டிராஜடி' நாவலை ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் படமாக்கினார். டெய்லரோடு கிளிஃப்ட் நெருங்கி நிற்கும் முகங்களைத் திரை கொள்ளாமல் காட்டிய படம் என்று எல்லோரும் அதையே சொல்லுகிறார்கள். எனக்கு ஞாபகம் இருப்பது முதுகு. படம் ஆரம்பிக்கிறபோது தோல் சட்டை போட்ட ஒருவன் ரஸ்தாவில் கார் எதுவும் நிறுத்தி ஏற்றிக்கொள்ளாதா என்று நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின்னோக்கி நடந்து வருகிறான். பிறகுதான் திரும்புகிறான். ஏழை உறவுக்காரனாகப் பணக்காரர் வீட்டுக் கூடத்தில் நிற்கும்போது அந்த முதுகே கூனிக்கொள்கிறது. அங்கே முகத்துக்கு வேலையே இல்லை. 1953இல் 'ஃப்ரம் ஹியர் டு எடர்னிட்டி'. குத்துச்சண்டை போட மறுக்கும் சிப்பாய் பிரூவிட். ஊதுகொம்பின் ஓசை வேறொருவருடையதாகத்தான் இருக்கப் போகிறது என்று தெரிந்தும், வாசிக்கிறவன் தொண்டையும் உதடும் எப்படி அசையும் என்பதற்காக வாத்தியார் வைத்துக் கற்றுக்கொண்டார். படத்துக்கு எட்டு ஆஸ்கார், கிளிஃப்டுக்கு இல்லை. அந்த வருஷம் சிறந்த நடிகர் பரிசு யாருக்குப் போயிற்று தெரியுமா? வில்லியம் ஹோல்டனுக்கு.

அதற்குப் பிறகு சில வருஷங்கள் அவர் புதிய படம் எதிலும் நடிக்கவில்லை. கதைகள் வந்தன, மறுத்துக்கொண்டே இருந்தார். இடையில் நியூயார்க்கில் செகாவின் 'ஸீகல்' நாடகத்தில் நடித்தார். குடியும் தூக்க மாத்திரையும் இந்த வருஷங்களிலேயே நன்றாக வேரூன்றிவிட்டன. கம்பத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறவர்கள் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

மறந்தவர்கள் வேறொன்றைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. கிளிஃப்டின் அன்பு பெரும்பாலும் ஆண்களை நாடியது. அக்காலத்தில் அமெரிக்க மாகாணச் சட்டங்களில் அது தண்டனைக்குரிய குற்றம். நட்சத்திரத்துக்கோ தொழிலே போய்விடும். எனவே அவர் தம்மையே வெறுத்து, அந்த வெறுப்பினால் அழிந்தார் என்று 1970களின் கடைசியில் வந்த வாழ்க்கை வரலாறுகள் ஒரு காரணத்தை ஊன்றிவிட்டன. அவருடைய அண்ணன் மகன் ராபர்ட் கிளிஃப்டும் ஹிலரி டெமனும் 2018இல் 'மேக்கிங் மான்ட்கோமரி கிளிஃப்ட்' என்ற செய்திப்படம் எடுத்தார்கள். வீட்டில் இருந்த கடிதங்கள், ஒலிநாடாக்கள், கையெழுத்துத் திருத்தம் உள்ள ஸ்கிரிப்டுகள் இவற்றையெல்லாம் எடுத்து வைத்து, சிரிக்கத் தெரிந்த, வேலையில் கண்ணாக இருந்த, தம் அன்பைப் பற்றி வெட்கப்படாத ஒரு மனிதரைக் காட்டுகிறார்கள். குடும்பத்தார் சாட்சி என்பதால் சற்றுத் தள்ளுபடி செய்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். செய்தேன். தள்ளிய பிறகும் அந்த ஸ்கிரிப்டுகள் மீதி நிற்கின்றன.

விபத்து நடந்தபோது 'ரெயின்ட்ரீ கவுண்ட்டி' பாதியில் இருந்தது. மெட்ரோ கம்பெனி ஏகப்பட்ட பணத்தைக் கொட்டியிருந்தது. சுமார் இரண்டு மாத இடைவெளிக்குப் பின் கிளிஃப்ட் திரும்பி வந்து முடித்துக்கொடுத்தார். முகத்தின் இடப்பக்கம் சரியாக அசையவில்லை. படம் வந்ததும், எந்தக் காட்சி பழைய முகம், எந்தக் காட்சி புதிய முகம் என்று கண்டுபிடிப்பதற்காகவே கூட்டம் போயிற்று. படத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. பார்க்கப் போனவர்களைப் பற்றிச் சொல்லாமல் இருப்பது நல்லது.

அடுத்தாற்போல் என்ன செய்தார் என்று பாருங்கள். 'தி யங் லயன்ஸ்' (1958) படத்தில் நோவா என்ற யூதச் சிப்பாய் வேஷம். போன அழகை மீட்க ஆசைப்படுகிற நடிகன் விளக்கையும் பூச்சையும் நம்பியிருப்பான். இவர் உடம்பை இளைக்க வைத்து, காதுகளைத் துருத்திக்கொண்டு, இன்னும் அவலட்சணமாக வந்து நின்றார். நடிப்பாகச் செய்த காரியம் இது. ஆனால் அன்றைய ரசிகர்கள் அதையும் விபத்தின் கணக்கிலேயே எழுதினார்கள்.

பின்னால் வந்த எட்டும் ஒரே தரம் என்று நான் சொல்லவில்லை. 'லோன்லிஹார்ட்ஸ்' சுமார். 'ஸடன்லி, லாஸ்ட் ஸம்மர்' படத்தில் மற்றவர்கள் பேசிக் கொட்டுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும் டாக்டர் வேஷம். மரம் போல நிற்கிறார். முகத்தசை இறுகிப்போனது மெய்தான். டெய்லரை முதன்முதலில் பார்த்தபோது அந்த முகத்தில் ஓடிய சலனம் இனிமேல் ஓடாது. அதை மறுத்துப் பேசுவது அன்பாக இருக்கலாம், விமரிசனம் ஆகாது. ஆனால் 1960இல் இலியா கஜான் எடுத்த 'ஒய்ல்ட் ரிவர்' படத்தை, விபத்து நடந்ததையே அறியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டினால் என்ன சொல்லுவார் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

1930களில் டென்னஸி நதியில் அணை கட்டுகிறார்கள். தீவொன்று முழுகப் போகிறது. எல்லோரும் போய்விட, ஒரு கிழவி மட்டும் நகர மறுக்கிறாள். அவளைக் கிளப்புவதற்காக வந்த சர்க்கார் அதிகாரி சக் குளோவர்தான் கிளிஃப்ட். கிழவியாக ஜோ வான் ஃப்ளீட்; நாற்பதுகளில் இருந்த பெண்மணி எண்பது வயசுக் கிழவியாகவே மாறியிருக்கிறார். கதாநாயகனுக்குச் சண்டை போடத் தெரியாது. உள்ளூர் முரடன் ஒருவன் அவனை அடித்துச் சேற்றில் தள்ளுகிறான். அவன் பக்கத்தில் நியாயமும் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. ஆனால் கிழவிக்கு முன்னால் வந்து நின்றால் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவளுடைய பேத்தி (லீ ரெமிக்) அவனைக் காதலிக்கிறாள். வழக்கமாக இம்மாதிரி காட்சிகளில் கதாநாயகன் அணைப்பான். இங்கே அவன் அணைக்கப்படுகிறான். தயங்கித் தயங்கி, பாதி வாக்கியத்தில் நின்றுவிடுகிற அந்தக் குரல், கழுத்தை முன்னால் நீட்டிக் கேட்கும் அந்தத் தோள்கள் — பத்து வருஷத்துக்கு முன்னால் இந்த வேஷத்தை அவரிடம் கொடுத்திருந்தால், அழகு வந்து குறுக்கே நின்றிருக்கும். கிழவி தோற்கத்தான் போகிறாள் என்பது முதலிலேயே தெரிந்துபோயிருக்கும். அதிகாரியே தோற்றுக்கொண்டு வந்து நிற்பதனால்தான் படம் கனக்கிறது.

'தி மிஸ்ஃபிட்ஸ்' (1961) படத்தில் அவர் முதலில் தோன்றுவது ஒரு டெலிபோன் கூண்டில். மாட்டின் மேலும் குதிரையின் மேலும் ஏறி விழுந்து பிழைக்கும் வீரன், தன் தாயாரோடு பேசுகிறான். முகத்துக்கு ஒன்றுமில்லை, எல்லாம் ஆறிவிட்டது, பார்த்தால் அடையாளம் தெரியும் என்று தேறுதல் சொல்லுகிறான். ஆர்தர் மில்லர் எழுதிய வசனம். கிளிஃப்டின் சொந்தத் துன்பமே பேசுகிறது என்று எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொள்வது வழக்கம். நான் கவனித்தது வேறு. அந்தப் பேச்சை அவர் சந்தோஷமாகப் பேசுகிறார். மறுமுனையில் உள்ள அம்மா நம்பவில்லை என்று தெரிந்துகொண்டே, பையன் அவசரம் அவசரமாகக் குஷியை வரவழைத்துக்கொள்கிறான். தம் துன்பத்தைக் கொட்டுகிறவர் இப்படிச் செய்யமாட்டார். வேஷக்காரர் செய்வார்.

அதே வருஷம் ஸ்டான்லி கிரேமரின் 'ஜட்ஜ்மெண்ட் அட் நூரம்பர்க்'. நாஜிக் கோர்ட்டின் உத்தரவால் பலவந்தமாக மலடாக்கப்பட்ட ரொட்டிக்கடைத் தொழிலாளி பீட்டர்ஸன். சாட்சிக் கூண்டில் ஒரே ஒரு காட்சி. சம்பளம் வேண்டாமென்று சொல்லிவிட்டு நடித்தார். கிளிஃப்டுக்கு வசனம் நினைவில் நிற்கவில்லை என்றும், ஸ்கிரிப்டை மறந்துவிட்டு நீதிபதியாக இருக்கும் ஸ்பென்ஸர் டிரேஸியைப் பார்த்து வாயில் வந்ததைச் சொல்லுங்கள் என்று தாம் தைரியம் கொடுத்ததாகவும் கிரேமர் பிற்காலத்தில் சொன்னார். அந்தத் தடுமாற்றமே காட்சிக்கு உயிர் கொடுத்தது என்பது எல்லாப் புத்தகங்களிலும் ஏறிவிட்டது. 2018ஆம் வருஷத்துச் செய்திப்படத்தில் அந்தக் காட்சியின் ஸ்கிரிப்டு வருகிறது. கிளிஃப்ட் தம் கையாலேயே வசனத்தைத் திருத்தி மாற்றியிருக்கிறார்.

டைரக்டர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. படப்பிடிப்பன்று அவர் கண்டது நடுங்கும் ஒரு மனிதனைத்தான். ஆனால் நடுக்கம் இருந்த இடத்தில் யோசனையும் இருந்திருக்கக்கூடாதா? 'முயல்', 'வேட்டைக்காரன்', 'வயல்' இந்த மூன்றையும் வைத்து ஒரு வாக்கியம் சொல் என்று நாஜிக் கோர்ட்டு வைத்த பரீட்சையை எதிர்த்தரப்பு வக்கீல் மறுபடியும் அவனிடம் வைக்கிறான். பீட்டர்ஸனால் முடியவில்லை. கோட்டுப் பையிலிருந்து தாயார் போட்டோவை எடுத்து நீட்டி, இவளுக்கா புத்தி மட்டு என்று கோர்ட்டையே கேட்கிறான். சொற்கள் வராமல் திணறுகிறவனுக்கு எந்தச் சொல் எங்கே வராமல் போக வேண்டும் என்பதை யாரோ உட்கார்ந்து தீர்மானித்திருக்கிறார்கள். பதினான்கு வயசிலிருந்து மேடையில் நின்றவர் ஒருவர் அந்த அறையில் இருந்தார். ஆஸ்காருக்கு நான்காவது சிபாரிசு. இந்த முறையும் கிடைக்கவில்லை. அவரைக் குறுக்கு விசாரணை செய்த வக்கீலாக நடித்த மாக்ஸிமிலியன் ஷெல்லுக்குச் சிறந்த நடிகர் பரிசு கிடைத்தது.

'ஃப்ராய்ட்' (1962) ஜான் ஹூஸ்டனோடு மனஸ்தாபத்தில் எடுக்கப்பட்டு, கம்பெனியோடு வழக்கில் முடிந்தது. அதன் பிறகு நான்கு வருஷம் யாரும் கூப்பிடவில்லை. இன்ஷூரன்ஸ்காரர்கள் ஒப்புக்கொள்ளாத நடிகரைக் கம்பெனிகள் தொடமாட்டா. கடைசியில் 'தி டிஃபெக்டர்' என்ற சாதாரண ஒற்றன் கதையில் நடித்தார். அது வெளிவருமுன் போய்விட்டார். 'ரிஃப்ளக்ஷன்ஸ் இன் எ கோல்டன் ஐ' படத்தில் கிளிஃப்ட்தான் வேண்டுமென்று டெய்லர் பிடிவாதம் பிடித்து, இன்ஷூரன்ஸுக்கு ஈடாகத் தம் சம்பளத்தையே வைக்க முன்வந்திருந்தார். அந்த வேஷம் மார்லன் பிராண்டோவுக்குப் போயிற்று. அவரும் ஒமாஹாவில் பிறந்தவர்தான்.